நன்மை வாங்காதவர்

1

வருகிற வியாழக்கிழமையோடு அப்பா செத்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் என் தங்கை ஜெயராணி கோயிலில் பூசைக்கு எழுதி வைத்துவிட்டாள். நான் அன்றைக்கு இங்கே ஜெர்மனியில், ஒரு சின்ன நகரத்து முதியோர் இல்லத்தில், யாரோ ஒருவருடைய அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருப்பேன். லீவு கேட்டுப் பார்த்தேன். ஆண்டு நினைவுக்கெல்லாம் லீவு கொடுக்கிற வழக்கம் இல்லையாம். செத்தபோது இரண்டு நாள் கொடுத்தார்கள், மிச்சத்தை என் சொந்த லீவில் கழித்தார்கள். அத்தோடு என் அப்பாவின் கணக்கை முடித்துவிட்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த நாள் மட்டும் காரணம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என் மகள் லீமாவின் பெயருக்கு இங்குள்ள அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது இந்த நாட்டில் குற்றம். அரியலூர்ப் பக்கத்தில் பிறந்த ஒரு தாய்க்கு அந்தச் சட்டம் ஒருநாளும் பிடிபடாது. பிரித்துவிட்டேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து தாங்கள் வெளியேறியது பதிவு செய்யப்பட்டது என்று இரண்டு வரி, கீழே ஒரு முத்திரை, யாரோ ஓர் அதிகாரியின் கோணல் கையெழுத்து. என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. ரேஷன் கார்டில் பெயர் நீக்குகிற மாதிரி சேசுநாதரிடமிருந்து தன் பெயரை நீக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து இறங்கி முகவரியைப் பதியும்போதே மதம் என்ன என்று கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று சொன்னால் சம்பளத்தில் கோயிலுக்கென்று ஒரு வரி பிடிப்பார்கள். வேண்டாம் என்று தோன்றினால் ஒரு கவுண்டரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறிவிடலாம். பத்து நிமிட வேலை. சாமியாரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

2

சாயங்காலம் லீமா வந்தாள். கடிதம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. என்னவெல்லாம் கத்த வேண்டும் என்று மத்தியானம் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ஏன் திறந்தாய்?" என்றாள்.

"ஏன் போன?" என்றேன்.

லீமாவின் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தது. பாடப்புத்தகம் மாதிரி பேசுவாள், கோபம் வந்தால் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். அன்றைக்குத் தாவவில்லை. சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"வருடத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு வருகிறேன். அதுவும் உனக்காக. இதில் எனக்கு என்ன நன்மை, அம்மா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்துக்குப் படித்தவர்கள் நற்கருணை என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் நன்மை. கோயிலிலிருந்து வருகிறவரிடம் "நன்ம வாங்குனியா?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் முதன்முதலில் வாங்குவது புதுநன்மை. நன்மை வாங்கப் போகுமுன் எதுவும் சாப்பிடக்கூடாது. பாவம் செய்திருந்தால் அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். பாவத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது எல்லாவற்றிலும் பெரிய பாவம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த உபதேசியார், அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

லீமாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒன்பது வயதில் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு இந்த ஊர்க் கோயிலில் அவளும் வாங்கினாள், ஆனால் ஜெர்மனில் வாங்கினாள். அவளுடைய தமிழில் நன்மைக்கு ஆதாயம் என்று மட்டும்தான் பொருள்.

"உன் தாத்தா இந்த வேதத்துக்காக எதையெல்லாம் விட்டாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"தாத்தா விட்டார். நீ என்ன விட்டாய்?"

அவள் எழுந்து அலமாரியிலிருந்து வருமான வரிக் கோப்பை எடுத்து வந்தாள். எங்கள் வீட்டு வரிப் படிவங்களைப் பதினாறு வயதிலிருந்து அவள்தான் நிரப்புகிறாள். அவள் அப்பா ஆரோக்கியராஜின் சம்பளச் சீட்டை ஒரு பக்கமும் என்னுடையதை மறுபக்கமும் வைத்தாள். என் வீட்டுக்காரர் பாடாலூர்க்காரர், இங்கே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. அவர் சீட்டில் மதம் என்ற கட்டத்தில் இரண்டு எழுத்து இருந்தது. ரோமன் கத்தோலிக்கர் என்பதன் சுருக்கம். என் சீட்டில் அதே கட்டத்தில் இரண்டு கோடு இருந்தது.

"ஆறு வருடமாகப் பார்க்கிறேன், கேட்கவில்லை," என்றாள். "நான் வெளியே வந்தேன். நீ உள்ளேயே போகவில்லை."

சீட்டுகளைத் திரும்பக் கோப்பில் அடுக்கி, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற நல்ல பழக்கத்தை மட்டும் நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

3

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் பிறந்தபோது திருச்சி மாவட்டம், படித்தபோது பெரம்பலூர் மாவட்டம், இப்போது அரியலூர் மாவட்டம். வீடு நகரவே இல்லை. இதை ஜெர்மன் அலுவலகத்தில் விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "மூன்று முறை வீடு மாறினீர்களா?" என்று ஒரு பெண்மணி கேட்டார். இல்லையம்மா, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாவட்டத்துக்கு மூன்று பெயர் என்றால் எங்களுக்கு இரண்டு. எங்கள் தெருவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கோயில் பெயர் ஒன்று, தாள் பெயர் ஒன்று. எங்கள் சாதிக்காரர் இந்து என்று சொன்னால் சட்டப்படி எஸ்.சி. அதே ஆள், அதே தெரு, அதே வசவு, ஆனால் கிறிஸ்தவர் என்று சொல்லிவிட்டால் எஸ்.சி. இல்லை. சலுகை போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தோணிசாமியாக இருப்பவர் தாலுகா ஆபீசில் ரவியாக இருப்பார். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. மழைக்குக் குடை பிடிப்பதில் என்ன பாவம் இருக்கிறது?

என் அப்பா சவரிமுத்து ஒருவர்தான் குடை பிடிக்காதவர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக லாரிக்குக் கல் ஏற்றுகிற வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. தெருவுக்கே இலவச மனைப்பட்டா கொடுக்க ஆட்கள் வந்து உட்கார்ந்தபோது வரிசையில் நின்ற எல்லோரும் இந்து என்றார்கள். அப்பா முறை வந்தது. "கிறிஸ்தவங்க," என்றார். எழுதுகிறவர் நல்ல மனுஷன், பேனாவை நிறுத்திவிட்டு, "பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க," என்றாராம். "யோசிக்க என்னங்க இருக்குது? கேட்டீங்க, சொன்னேன்," என்றாராம் அப்பா. பட்டா கிடைக்கவில்லை. கடைசிவரை புறம்போக்கில் தகரக் கூரைக்குக் கீழேதான் இருந்தார்.

அந்த வேதமாவது அவரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கோயிலில் எங்கள் தெருவுக்குக் கடைசி வரிசை. எங்கள் கல்லறைகளுக்கும் மற்றவர் கல்லறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர். எனக்குப் பதினைந்து வயதில் அதைப் பற்றிக் கோபமாகக் கேட்டேன்.

"அந்தக் கோயில்ல நமக்குன்னு ஒரு பெஞ்சு உண்டாப்பா?"

"பெஞ்சுக்கா போறோம்?" என்றார். அவ்வளவுதான் அவருடைய மறைக்கல்வி.

4

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்டு எனக்கு வைத்த பெயர் அடைக்கலமேரி. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஆசிரியர் அதை எழுதவில்லை. செல்வி, இந்து என்று எழுதிவிட்டார். பின்னால் உதவும் என்று இரக்கப்பட்டு எழுதியதுதான். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் அந்த உதவி பன்னிரண்டு வருடம் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

பிளஸ் டூ முடித்தேன். அரசு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம். சாதிச் சான்று வாங்கும்போது, நாங்கள் இந்து மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று பெற்றவரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மா அழுதாள். அப்புறம் தாய்மாமன் வந்து, "நான் கார்டியன்னு போடுறேன், வாடி," என்று அரியலூருக்கு பஸ் ஏற்றினார். மாமா கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். செல்வி என்று, சுத்தமாக, பள்ளிக்கூடத்தில் பழகிய அதே சாய்வெழுத்தில்.

சீட்டு கிடைத்தது. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"வாத்தியாரு எழுதுனது அவரோட. உங்க மாமன் போட்டது அவனோட. நீ போட்டது?"

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்க எல்லோரும் எழுந்தோம். அப்பா எழவில்லை. கடைசி வரிசையில் முழங்காலிலேயே இருந்தார். உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரமும் எழவில்லை. கிறிஸ்துமஸுக்கும் இல்லை, ஈஸ்டர் பாஸ்காவுக்கும் இல்லை.

இருபத்தெட்டு வருடம் அவர் நன்மை வாங்கவில்லை.

ஒரு பூசையையும் விட்டதில்லை. கல் ஏற்றிய அலுப்போடு போய் நிற்பார். மழையில் ஓடை பெருகினால் சுற்றுவழியில் போவார். ஆனால் அந்த நேரம் வந்தால் முழங்காலிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார், யார் வரிசையில் போகிறார்கள் என்றுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒரு கிறிஸ்தவன் வருடக்கணக்கில் நன்மை வாங்காமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? வெளியே சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது என்றுதான். "சவரிக்குச் சுரங்கத்துப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்குதாம்," என்று பேசினார்கள். டீக்கடையில் முகத்துக்கு நேராகவே கேலி செய்தார்கள். அப்பா மறுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அம்மாவின் அடக்கப் பூசையிலும் வாங்கவில்லை. என் கல்யாணப் பூசையில் பெண்ணைப் பெற்றவரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் பாடாலூரிலிருந்து வந்து அதைப் பார்த்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தண்டனை. அடித்தால் வலி போய்விடும் என்று இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் போட்டுக்கொடுத்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வாராவாரம் ஊர் பார்க்க என்னைக் குற்றவாளியாக்குகிறாரே என்று பொருமியிருக்கிறேன்.

5

நான் தனியாகத்தான் முதலில் இங்கே வந்தேன். ஆரோக்கியராஜ் ஒரு வருடம் கழித்துக் குழந்தை லீமாவோடு வந்தார். பதிவு அலுவலகத்தில் என் முன்னால் என் தாள்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பள்ளி மாற்றுச் சான்றில் இந்து என்பது ஜெர்மனிலும் இந்துவாகவே இருந்தது.

"மதம்?" என்று கேட்டார் அதிகாரி.

வாய் கத்தோலிக்கர் என்று சொன்னால் தாள் இல்லை என்று சொல்லும். ஏன் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டால்? கல்லூரிக்கு எழுதிக் கேட்டால்? அடியில் ஒரு தாளை உருவினால் மேலே இருக்கிற எல்லாத் தாளும் சரியும், பட்டம், வேலை, விசா எல்லாம். அந்த அலுவலகத்துக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது. இந்து என்று சொல்ல நாக்கு எழவில்லை. கத்தோலிக்கர் என்று சொல்ல நெஞ்சில் தைரியம் இல்லை.

"ஒன்றுமில்லை," என்றேன்.

அவர் இரண்டு கோடு போட்டார். அந்த ஞாயிறே கோயிலைத் தேடிப் போனேன். கோயிலில் யாரும் தாள் கேட்கவில்லை.

6

போன வருடம் ஜெயராணி கூப்பிட்டாள். "அக்கா, கெளம்பி வந்துரு. ஆசுபத்திரியில வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க." நுரையீரல் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். நர்சாகப் பார்த்தால் ஒரு வாரம் தாங்காது. மகளாகப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் மத்தியானம் சாமியார் வந்தார். எனக்குத் தம்பி மாதிரி வயசுதான் இருக்கும், ஊருக்குப் புதிது. நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி செபம் சொன்னார். தெருவே வாசலில் முழங்காலிட்டிருந்தது. சிமிழைத் திறந்து நன்மையை எடுத்தார். அப்பா தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றார்.

வாசலில் ஒரு முணுமுணுப்பு. சாகப்போகிற நேரத்திலும் வாங்கவில்லை என்றால் அந்தப் பாவம் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

"ஐயா, ஆண்டவரு எல்லாத்தையும் மன்னிச்சுட்டாருய்யா. வாயத் தொறங்க," என்றார் சாமியார்.

அப்பா சாமியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவர் காதோடு வாயை வைத்தேன்.

"மாத்திட்டேம்பா. அடைக்கலமேரி, கிறிஸ்தவருன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்க?" காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

"ஜெர்மனியில. ஆபீசுல."

"மெய்யாலுமா?"

ஒரு சாண் தூரத்தில் சாமியார் கையில் நன்மை இருந்தது. அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"மெய்யாலும்பா."

அப்பா வாயைத் திறந்தார். பல்லில் படாமல் நாக்கிலேயே கரையவிட்டு விழுங்கப் பார்த்தார். தொண்டை காய்ந்து இறங்கவில்லை, நான் ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. அதை நான் துடைத்துவிட்டேன்.

அப்புறம் நான்கு நாள் இருந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அடக்கலம் பேர மாத்திடுச்சு," என்று சொன்னார். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

7

லீமா சம்பளச் சீட்டுகளைக் காட்டிய இரண்டாம் நாள், ஷிப்டு முடிந்து, அவள் போன அதே அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவிடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று வெறி. ஆண்டு நினைவுக்குள் முடித்துவிட வேண்டும்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் வெளியேறும் படிவத்தை எடுத்து நீட்டினார். இல்லை, நான் சேர வேண்டும் என்றேன். வெளியே, உள்ளே என்பதற்கு ஜெர்மனில் இருக்கிற வார்த்தைகளை நான் இன்றைக்கும் குழப்பிக்கொள்வேன். என் தவறு என்று நினைத்து அவர் படிவத்தைத் திரும்பவும் நீட்டினார். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது.

"அம்மா, இங்கே வெளியேறுவது மட்டும்தான். உள்ளே போக நீங்கள் கோயிலுக்குப் போக வேண்டும்."

கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாவுக்கு என்னைப் பதினெட்டு வருடமாகத் தெரியும், திருவிழாவுக்கு நான் போடுகிற வடைக்கு ரசிகை. நான் பதிவிலேயே இல்லை என்று கேட்டு அவருக்கு அதிர்ச்சி. சரி, ஞானஸ்நானச் சான்று கொண்டுவாருங்கள் என்றார். ஜெயராணி பங்கு அலுவலகத்தில் வாங்கிப் படம் பிடித்து அனுப்பினாள். அந்த அம்மா என் பாஸ்போர்ட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதில் செல்வி. அதில் அடைக்கலமேரி. இந்த இருவரும் யார்?"

"இரண்டும் நான்தான்."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதாதே. உங்கள் நாட்டு அரசாங்கம் எழுதித் தரட்டும்."

அப்படி ஒரு தாள் நம் ஊரில் உண்டு. ஒரே நபர் சான்று. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதித் தருவார்கள். இந்து என்று கையெழுத்துப் போட்ட அதே அரியலூரில், அந்த இந்து செல்வியும் இந்தக் கிறிஸ்தவ அடைக்கலமேரியும் ஒருத்திதான் என்று நானே எழுதி மனுக் கொடுக்க வேண்டும். பறித்துக்கொள்ளுங்கள் என்று என் பட்டத்தை நானே கொண்டுபோய் மேசைமேல் வைக்கிற மாதிரி. ஒரு வேலைக்கு வேண்டும் என்று மட்டும் ஜெயராணியிடம் சொல்லி, என்னவென்று விசாரிக்கச் சொன்னேன்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல் வரிசையில் நின்றேன்.

8

மேலே உள்ளதையெல்லாம் போன வாரக் கடைசியில் எழுதி வைத்தேன். இன்று வியாழக்கிழமை. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஜெயராணி கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், பூசைக்குக் கிளம்பி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தச் சான்று விஷயமா கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்திதான்னு எழுதுனா சாதிச் சான்ற எடுத்துட்டு வரச் சொல்லுவாங்களாம். நோண்டுனா வம்பு, வுட்டுருங்கன்னு தாலுகா ஆபீசுல இருக்குற பொண்ணு சொல்லுது. எதுக்குக்கா ஒனக்கு இப்ப?"

"அப்ப வுட்டுரு," என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. "இங்க கோயில்ல பேரு பதியறதுக்குக் கேட்டாங்க."

"பதியறதுக்கா? அதான் அப்பவே மாத்திட்டியே. அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரே."

நான் பேசாமல் இருந்தேன். அவள் என் தங்கை, பேசாமல் இருந்தாலே போதும்.

"மாத்தலயா?"

"இல்ல."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"அவரு ஏன் நன்ம வாங்கலன்னு ஒனக்குத் தெரியுமாக்கா?"

"எம்மேல கோவம். பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு தண்டன குடுத்தாரு."

"கோவமா?" என்றாள். "ஒரு தடவ அவருக்குக் காய்ச்ச. ஊரே தப்பாப் பேசுது, ஏம்ப்பா இப்புடிப் பண்றீங்கன்னு நான் சண்ட போட்டேன். அப்பச் சொன்னாரு. 'அடக்கலம் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு எப்புடி நன்ம வாங்கும்? நான் வளத்த புள்ள, வாங்காது. எந்த ஊருல இருந்தாலும் அது வெளியிலதான் நிக்கும். புள்ள பசியோட வெளியில நிக்கையில நான் மட்டும் உள்ள போயி எப்புடிச் சாப்புடுறது?'ன்னாரு. ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீ அங்க தனியாக் கெடந்து அழுவியாம்."

இருபத்தெட்டு வருடம் அந்த மனுஷன் என்னைத் தண்டிக்கவில்லை. எனக்குத் துணையாக இருந்திருக்கிறார். ஊர் வாயில் விழுந்து, பெண்டாட்டி பிணத்தின் முன்னால்கூட வாங்காமல், நான் வரட்டும் என்று தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா," என்றாள் ஜெயராணி. "நீயும் அங்க வாங்குறதில்லதானக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாகப்போகிறவரிடமே சொன்ன எனக்கு இது ஒன்றும் பெரிய பொய் இல்லை. அவளும் அதைத்தான் கேட்க விரும்பினாள்.

"வாங்குனேன்," என்றேன். "காலேசுல சேர்ந்த நாள்லேருந்து. ஒரு ஞாயித்துக்கெழமகூட வுடல."

ஜெயராணி பூசைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.